மெட்டு இருக்கிறது, எந்த கார்டு போடுவது?

பல்லவிக்கு நான்கு வரி மெட்டு அமைந்துவிட்டது. முணுமுணுத்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. கீபோர்டையோ கிடாரையோ எடுத்து கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைக்கத் தொடங்கும்போதுதான் திணறல். எங்கோ பார்த்த நான்கு கார்டைச் சுற்றிச் சுற்றி வாசித்து அதன்மேல் பாடிப் பார்க்கிறோம். முதல் வரி ஒட்டுகிறது, மூன்றாவது வரி உறுத்துகிறது. அந்த இடத்தில் பலரும் கார்டுக்கு ஏற்ப மெட்டை வளைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். எந்தச் சுரம் தாளத்தின் அழுத்தத்தில் விழுகிறது, எந்தச் சுரம் நீண்டு நிற்கிறது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். தனக்கு வேண்டிய கார்டை மெட்டே காட்டிவிடும். தேர்வு இரண்டு மூன்று கார்டுக்குள் சுருங்கிவிடும்.

இதற்கு ச ரி க ம தெரிந்திருக்க வேண்டும், கீபோர்டில் எந்த கீ எந்தச் சுரம் என்று தெரிந்திருக்க வேண்டும். 61 கீ உள்ள சாதாரண கீபோர்டு தாராளம். ஃபோனில் உள்ள கீபோர்டு ஆப்பில்கூடச் சோதித்துப் பார்க்கலாம்.

வீடு எது?

முதல் வேலை, மெட்டின் ஆதார ச-வைக் கண்டுபிடிப்பது. பல்லவியை முழுவதும் பாடி, கடைசி வரி எங்கே நிம்மதியாக அமர்கிறதோ அந்தச் சுரத்தை நீட்டிப் பிடியுங்கள். அது எந்த கீ என்று கீபோர்டில் தேடுங்கள். பிறகு அந்தச் சுரத்தைச் சுருதிபோல விடாமல் ஒலிக்கவிட்டு, பல்லவியை முதலிலிருந்து பாடுங்கள். எல்லா வரியும் அதன்மேல் இயல்பாக உட்கார்ந்தால் அதுதான் ச. புதியவர்கள் தவறுவது இங்கேதான்: மெட்டு தொடங்கும் சுரத்தையே ச என்று எடுத்துக்கொள்கிறார்கள். காந்தாரத்திலும் பஞ்சமத்திலும் தொடங்கும் மெட்டுகள் ஏராளம். ஆதாரம் தவறினால் பின்னால் போடும் எல்லா கார்டும் தவறும்.

கட்டைக் கணக்கில் சொல்வதானால் 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ, 7 கட்டை பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆகியவை கருப்பு கீ. இங்கே எல்லா எடுத்துக்காட்டையும் 1 கட்டையில், அதாவது சி ஸ்கேலில் தருகிறோம். வெள்ளை கீ மட்டும் போதும் என்பதால் கண்ணுக்கு எளிது.

ஏழு கார்டுகள்

ஒரு சுரத்தைப் பிடித்து, அடுத்ததைத் தாண்டி, அதற்கடுத்ததைப் பிடித்து, மறுபடி ஒன்றைத் தாண்டிப் பிடித்தால் ஒரு கார்டு. சங்கராபரணத்தின் (மேஜர் ஸ்கேல்) ஏழு சுரங்கள்மேலும் இப்படி அடுக்கினால் கிடைப்பவை:

1 – சி மேஜர்: ச க ப
2 – டி மைனர்: ரி ம த
3 – ஈ மைனர்: க ப நி
4 – எஃப் மேஜர்: ம த ச
5 – ஜி மேஜர்: ப நி ரி
6 – ஏ மைனர்: த ச க
7 – பி டிமினிஷ்ட்: நி ரி ம

மேஜரா மைனரா என்பதை இடைவெளிதான் முடிவு செய்கிறது. கருப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். அடிச்சுரத்திலிருந்து 4 கீ தள்ளி நடுச்சுரம், அங்கிருந்து 3 கீ தள்ளி மேல்சுரம் என்றால் மேஜர். முதலில் 3, பிறகு 4 என்றால் மைனர். இரண்டும் 3 என்றால் டிமினிஷ்ட். இந்த எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் எந்தக் கட்டையிலும், அட்டவணை பார்க்காமல், எந்த கார்டையும் நீங்களே கட்டிவிடலாம்.

கார்டின் பெயரோடு எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கலைஞர்கள் 1950களின் இறுதியிலிருந்தே இப்படி எண்ணால் எழுதி வாசிக்கிறார்கள். பாடுபவருக்குச் சுருதி எட்டவில்லை என்று கடைசி நிமிடத்தில் கட்டையை மாற்றினாலும் 1–6–4–5 என்ற குறிப்பு மாறாது. சி-யில் அது சி, ஏ மைனர், எஃப், ஜி. டி-யில் அதே எண்கள் டி, பி மைனர், ஜி, ஏ.

ஏழாவது கார்டைத் தனியாகப் பயன்படுத்தும் தேவை பாடல்களில் அரிது. ஜி மேஜரோடு ம-வையும் சேர்த்தால் (ப நி ரி ம) கிடைக்கும் ஜி7-க்குள் அது முழுதாக அடங்கிவிடுகிறது.

மூன்று வேலைகள்

ஏழு கார்டும் செய்யும் வேலை மூன்றுதான். 1 வீடு, 6-உம் 3-உம் அதன் திண்ணை மாதிரி, 1-ஓடு இரண்டிரண்டு சுரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 4-உம் 2-உம் வீட்டைவிட்டுப் புறப்படும் கார்டுகள். 5-உம் 7-உம் திரும்பி வரத் தவிக்கும் கார்டுகள்.

இந்தத் தவிப்புக்குக் காரணம் உண்டு, கையால் தொட்டே பார்க்கலாம். ஜி7-இல் உள்ள நி, ம இரண்டை மட்டும் சேர்த்து அழுத்துங்கள். காது அமைதி கொள்ளாது. இப்போது நி-யை அரைச்சுரம் (ஒரு கீ) மேலே ச-வுக்கும், ம-வை அரைச்சுரம் கீழே க-வுக்கும் நகர்த்துங்கள். கதவு சாத்தியதுபோல் அமைதி வரும். 5-இலிருந்து 1-க்கு வரும்போது பாட்டு முடிந்தது என்று தோன்றுவதற்கு இந்த இரண்டு அரைச்சுர நகர்வுகளே மூலம். 4-இலிருந்து 1-க்கு வரும்போது அடங்குவது ஒரே அரைச்சுரம், ம-விலிருந்து க. அதனால் அந்த முடிவு மென்மையாக இருக்கும். தேவாலயப் பாடல்களின் கடைசி ‘ஆமென்’ இந்த 4–1-இல்தான் பெரும்பாலும் அமையும்.

மெட்டுக்குக் கார்டு வைத்தல்

இனி ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். எட்டு பார், பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஆதி தாளத்தில் பார்த்தால் இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம். கோடு என்றால் முன் சுரம் நீள்கிறது என்று பொருள்.

1: க க ரி க
2: ப – த ப
3: த த ப ம
4: க – ரி –
5: க க ரி க
6: ப – த ச (மேல் ச)
7: த ப ம ரி
8: ச – – –

முதலில் ஒவ்வொரு பாரிலும் 1-ஆம், 3-ஆம் எண்ணிக்கையில் விழும் சுரங்களையும், ஓர் எண்ணிக்கைக்கு மேல் நீள்பவற்றையும் வட்டமிடுங்கள். மற்றவை வழிப்போக்கர்கள், கார்டில் இல்லாவிட்டாலும் உறுத்தாமல் கடந்துவிடும். முதல் பாரில் 3-ஆம் எண்ணிக்கையில் ரி விழுகிறது. ஆனால் க-விலிருந்து இறங்கி உடனே க-வுக்கே ஏறிவிடுவதால் அதையும் வழிப்போக்கராகவே கொள்ளலாம்.

முதல் பார்: க உள்ள கார்டுகள் 1, 3, 6. பல்லவியின் தொடக்கம், வீட்டைக் காட்ட வேண்டிய இடம். 1 போடுங்கள்.

இரண்டாம் பார்: நீள்வது ப (த வழிப்போக்கர்). அது 1, 3, 5-இல் உண்டு. 1-ஐயே தொடர்ந்தால் தவறில்லை, ஆனால் பாட்டு நகராது. 5 போட்டால் இரண்டாவது பாரிலேயே வீடு திரும்பும் தவிப்பு வந்துவிடும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. 3, அதாவது ஈ மைனர், இரண்டுக்கும் நடுவில் லேசாக நிழல் விழுந்ததுபோல் நிற்கும். அதுவே இங்கே பொருத்தம்.

மூன்றாம் பார்: த-வும் ம-வும் (நடுவில் வரும் ப வழிப்போக்கர்). 4-இலும் உண்டு, 2-இலும் உண்டு. முன்னால் பேஸ் (கார்டின் அடியில் ஒலிக்கும் சுரம்) சி-யிலிருந்து ஈ-க்கு ஏறி வந்திருப்பதால் அடுத்து எஃப் வந்தால் ஏற்றம் தொடரும். 4.

நான்காம் பார்: க இரண்டு எண்ணிக்கை, ரி இரண்டு எண்ணிக்கை. பாரை இரண்டாகப் பிளந்து முதல் பாதிக்கு 1, பின்பாதிக்கு 5. வரி ‘இன்னும் சொல்ல இருக்கிறது’ என்ற இடத்தில் நிற்கும். முழுப் பாருக்கும் 5 மட்டும் வைத்தாலும் க சற்றே சாய்ந்து ரி-யில் அமரும். மெதுவான பாடலில் அது அழகு.

ஐந்தாம் பார்: மெட்டு முதல் பார்தான். கார்டை மாற்றுங்கள், 6. அதே க க ரி க, ஏ மைனரின்மேல் வரும்போது வேறொரு முகம் காட்டும். இப்படி மெட்டை அப்படியே வைத்துக் கார்டை மட்டும் மாற்றும் உத்தியைவிடக் குறைந்த செலவில் அதிகம் தருவது எதுவுமில்லை. கேட்பவருக்கு எது மாறியது என்று தெரியாது, மாறியது மட்டும் உறைக்கும்.

ஆறாம் பார்: முதல் பாதி ப, பின்பாதி த, மேல் ச. 1, பிறகு 4. இங்கே 1-ஐ வைக்கும்போது பேஸில் சி-க்குப் பதில் ஈ வாசியுங்கள். பேஸ் ஏ, ஈ, எஃப் என்று போகும்.

ஏழாம் பார்: த ப, பிறகு ம ரி. முதல் பாதிக்கு 2 (டி மைனரில் த உண்டு, ப வழிப்போக்கர்), பின்பாதிக்கு ஜி7 (ம-வும் ரி-யும் அதில் உண்டு).

எட்டாம் பார்: 1.

தொகுத்தால்: சி | ஈ மைனர் | எஃப் | சி, ஜி | ஏ மைனர் | சி (பேஸில் ஈ), எஃப் | டி மைனர், ஜி7 | சி. பல்லவியை இரண்டு முறை பாடுவதாக இருந்தால் முதல் முறை எட்டாம் பாரில் சி-க்குப் பதில் ஏ மைனர் வையுங்கள். மெட்டு ச-வில் முடிந்தாலும் பாட்டு முடிந்திருக்காது. திரும்பப் பாடக் காரணம் கிடைக்கும்.

ஏன் உறுத்துகிறது

உறுத்தலுக்கு ஒரு முக்கியக் காரணத்தை நினைவில் கொள்ளுங்கள்: கார்டில் உள்ள ஒரு சுரத்துக்கு மேலே அரைச்சுரம் தள்ளி மெட்டு நீண்டு நிற்பது. சி மேஜரைப் பிடித்துக்கொண்டு மேலே ம-வை நீட்டிப் பாருங்கள். கீழே க, மேலே ம, நடுவில் அரைச்சுரம், பல் கூசும். ம-வை க-வுக்கு இறக்கினால் தீர்ந்துவிடும். அதேபோல் ஜி மேஜரின்மேல் ச-வை நீட்டினால் கார்டில் உள்ள நி-யோடு மோதும். தீர்வு இரண்டு: கார்டை மாற்றுவது, அல்லது மோதும் சுரத்தைக் கார்டிலிருந்து எடுத்துவிடுவது. ஜி-யில் நி-யை எடுத்து ச-வை வைத்தால் (ப ச ரி) அது சஸ்4. மெட்டு நி-க்கு இறங்கும்போது கார்டும் நி-க்கு இறங்கட்டும்.

இணையத்தில் எடுத்த சுழற்சியின்மேல் பாடும்போது இது அடிக்கடி நடக்கும். 1–5–6–4 என்ற சுழற்சியில் ச என்பது 1, 6, 4 மூன்றிலும் உண்டு, 5-இல் மட்டும் இல்லை. ச-வையே சுற்றும் மெட்டு ஒவ்வொரு முறையும் இரண்டாவது பாரில் இடறுவது இதனால்தான். மாறாக ப-வை நான்கு பாரும் விடாமல் நீட்டிப் பாருங்கள். சி-யில் அது ஐந்தாம் சுரம், ஜி-யில் அடிச்சுரம், ஏ மைனரில் ஏழாம் சுரம், எஃப்-இல் ஒன்பதாம் சுரம். எங்கும் மோதாது. ஒரே சுரம் நான்கு நிறம் மாறுவது காதில் விழும்போது ஹார்மனி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதானால் இதைச் செய்யுங்கள்.

கை தாவக் கூடாது

ஒவ்வொரு கார்டையும் அடிச்சுரத்திலிருந்தே பிடித்தால் கை கீபோர்டில் தாவிக்கொண்டே இருக்கும். பாட்டும் துண்டு துண்டாகக் கேட்கும். ஒரு கார்டின் மூன்று சுரங்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் கார்டு அதேதான். 1722-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ தன் ஹார்மனி நூலில் வகுத்துச் சொன்ன கருத்து இது. வலது கையால் இப்படிப் பிடியுங்கள், கீழிருந்து மேலாக:

சி மேஜர்: ஜி – சி – ஈ
ஜி மேஜர்: ஜி – பி – டி
ஏ மைனர்: ஏ – சி – ஈ
எஃப் மேஜர்: ஏ – சி – எஃப்

சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது கட்டைவிரல் அசைவதே இல்லை. மற்ற இரண்டு விரலும் பக்கத்து வெள்ளை கீக்கு இறங்குகின்றன. ஏ மைனரிலிருந்து எஃப்-க்கு ஒரே ஒரு விரல், ஈ-யிலிருந்து எஃப்-க்கு. எஃப்-இலிருந்து மறுபடி சி-க்கு வரும்போது நடுவில் உள்ள சி அப்படியே நிற்கிறது. அசைவு குறைந்தால் கார்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல் கேட்கும். வயலின் பேட் போன்ற நீண்ட ஒலிகளில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

இடது கைக்கு ஒரே கட்டுப்பாடு: நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி-க்கும் கீழே போனால் மூன்று சுரக் கார்டு பிடிக்கக் கூடாது. அந்த ஆழத்தில் மேஜர் எது மைனர் எது என்று பிரித்தறிய முடியாமல் ஒலி குழம்பிவிடும். அடிச்சுரம் மட்டும், அல்லது அதோடு ஆக்டேவ் போதும். குழுவில் பேஸ் கிடார் இருந்தால் இடது கையை எடுத்துவிடுவதே நல்லது. இருவரும் வேறு வேறு பேஸ் வாசித்தால் கார்டின் பொருளே மாறிவிடும். பேஸில் ஈ என்று நீங்கள் எழுதிய இடத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிடார்காரர்களுக்கு சி ஸ்கேலில் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் எஃப் பார் (barre) கார்டுதான் தலைவலி. தொடக்கத்தில் ஜி ஸ்கேலில் பழகுங்கள்: ஜி, டி, ஈ மைனர், சி எல்லாமே திறந்த கம்பிக் கார்டுகள், 1–5–6–4-உம் அதுவே. பாடுபவருக்கு ஏ வேண்டுமென்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கிளிப்). எஃப்-க்குப் பதில் எஃப் மேஜர் 7 பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் முதல் கம்பி ஈ-யாகத் திறந்து ஒலிக்கும். மெட்டு ம-வில் நீண்டால் மேலே சொன்ன அரைச்சுர உறுத்தல் வந்துவிடும்.

பழகிய சில வரிசைகள்

1–4–5–1 நாட்டுப்புற மெட்டுக்கும் குழந்தைப் பாடலுக்கும் எப்போதும் கைகொடுக்கும். 1–6–4–5 என்பது 1950களின் அமெரிக்க டூ-வாப் பாடல்களின் அடையாளம். கடைசியில் 5 இருப்பதால் சுழற்சி தன்னைத்தானே மறுபடி தொடங்கிவைக்கும். 1–5–6–4-இல் கடைசி 4, மென்மையாக வீடு திரும்பும். அதையே பாதியிலிருந்து தொடங்கி 6–4–1–5 என்று வாசித்தால் ஏக்கம் கூடும். 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கெல்பெல் டி ஸ்கேலில் எழுதிய ‘கேனன்’ இசையின் எட்டு கார்டுகள் 1–5–6–3–4–1–4–5. வரிகள் நீளமான மெட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். புளூஸ் 12 பார் கணக்கு: நான்கு பார் 1, இரண்டு பார் 4, இரண்டு பார் 1, பிறகு ஒவ்வொரு பார் 5, 4, கடைசி இரண்டு பார் 1.

பல்லவிக்கும் சரணத்துக்கும் ஒரே சுழற்சி வைப்பது புதியவர்களின் பாடல்களில் அதிகம் கேட்கும் குறை. பல்லவி 1-இல் தொடங்கினால் சரணத்தை 6-இலோ 4-இலோ தொடங்குங்கள். சரணத்தின் கடைசி பார் 5-இல் நிற்கட்டும், பல்லவி திரும்பி வரும்போது வீட்டுக்கு வந்த உணர்வு தானாகக் கிடைக்கும்.

கார்டு எத்தனை எண்ணிக்கைக்கு ஒருமுறை மாற வேண்டும்? வேகமான பாட்டுக்குப் பாருக்கு ஒன்று. நிமிடத்துக்கு 70 எண்ணிக்கை அளவில் போகும் மெலடிக்குப் பாருக்கு இரண்டு தாங்கும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கார்டு வைத்தால் மெட்டு மூச்சுத் திணறும். சொல்லின் அழுத்தத்தையும் பாருங்கள்: கார்டு மாறும் இடத்தில் ஒரு சொல்லின் முதல் அசை விழுந்தால் வரி தெளிவாகக் கேட்கும், கடைசி அசையில் மாறினால் சொல் உடைந்ததுபோல் இருக்கும்.

மைனர் மெட்டுகள்

மெட்டு ஏ மைனரில் அமைந்தால் ஏ-தான் இப்போது ச. வெள்ளை கீ மட்டும் என்றால் அது நடபைரவி. அதில் 5-ஆம் கார்டு ஈ மைனர், அதில் உள்ள ஜி, வீட்டிலிருந்து முழுச்சுரம் தள்ளி இருக்கிறது. அதனால் வீடு திரும்பும் தவிப்பு குறைவு. ஜி-யை ஜி ஷார்ப் ஆக்கினால் ஈ மேஜர். சுர வரிசை கீரவாணி ஆகிவிடும், தவிப்பு முழுதாக வந்துவிடும். ஏ மைனர், டி மைனர், ஈ7 மூன்றும் இருந்தால் ஒரு முழுப் பாடலை நடத்திவிடலாம்.

இதில் நடக்கும் விபத்து ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடக்கும்: மெட்டு நி2-வை, அதாவது ஜி-யைப் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே ஈ7-இன் ஜி ஷார்ப் ஒலிப்பது. ஈ7 போடும் பாரில் மெட்டு எந்த நிஷாதத்தைப் பாடுகிறது என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். நி2 என்றால் ஈ மைனரோ ஜி மேஜரோ போடுங்கள். ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர் என்று பேஸ் படிப்படியாக இறங்கும் வரிசை ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் அடிக்கடி கேட்பது. இதில் ஜி-யும் ஜி ஷார்பும் வேறு வேறு கார்டில் வருவதால் மோதாது.

ராகத்தில் அமைந்த மெட்டு

நம் மெட்டுகளில் பல, ராகத்தின் சாயலில்தான் பிறக்கின்றன. அங்கே கார்டு வைப்பது தனிக் கவனம் கேட்கும் வேலை, ஏனெனில் கார்டு ஆதாரத்தையே இழுத்துக்கொண்டு போகக்கூடியது.

கல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ம2 (எஃப் ஷார்ப்) இருப்பதால் 2-ஆம் கார்டு டி மேஜர் ஆகிறது. டி மேஜருக்குப் பின் ஜி மேஜர் வைத்தால் காது ஜி-யை வீடு என்று எடுத்துக்கொள்ளும், ஏனெனில் சி-யின் கல்யாணியும் ஜி-யின் சங்கராபரணமும் அதே ஏழு கீதான். அந்த நொடியில் கல்யாணி கரைந்துவிடும். டி மேஜரை வாசிக்கும்போது பேஸில் சி-யை விடாமல் பிடியுங்கள். மேலே ரி ம2 த, கீழே ச. கல்யாணியின் ஒளி அப்படியே நிற்கும்.

இந்தோளத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ச க2 ம1 த1 நி2 (சி, ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட்) ஐந்துக்குள் முழுதாகக் கிடைக்கும் கார்டுகள் இரண்டே: எஃப் மைனர் (ம த ச), ஏ ஃபிளாட் மேஜர் (த ச க). ஏ ஃபிளாட் மேஜரை அழுத்தமாக வைத்தால் த1 வீடாக மாறி, கேட்பது மோகனம் ஆகிவிடும். கிரகபேதம் (வேறொரு சுரத்தை ச-வாகக் கொண்டு ராகம் மாறுவது) தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கும் பேஸில் ச நிற்பதே காப்பு.

மோகனத்தில் ம-வும் நி-யும் இல்லை. ராகத்துக்குள் சி மேஜரும் ஏ மைனரும் மட்டுமே முழுக் கார்டுகள். 5 வேண்டுமென்றால் நி-யை விட்டுவிட்டு ப, த, ரி என்று பிடியுங்கள். ஜி-யின் பலம் இருக்கும், அந்நியச் சுரம் இருக்காது. திரைப்பாடல் பாணியில் ஜி மேஜர், எஃப் மேஜர் போட்டால் தவறில்லை, மெட்டு மோகனத்தில் இருக்க ஹார்மனி சங்கராபரணத்துக்கு விரியும். எதை விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். அம்சத்வனியில் சி மேஜர், ஈ மைனர், ஜி மேஜர் மூன்றுமே ராகத்துக்குள் கிடைப்பதால் தொடக்கப் பயிற்சிக்கு அதைவிட வசதியான ஜன்ய ராகம் இல்லை.

இன்னொன்று. தம்புராவோடு இசைந்து நிற்கும் அந்தர காந்தாரம் ச-விலிருந்து சுமார் 386 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). கீபோர்டின் க 400 சென்ட். பாடகர் க-வில் அசையாமல் நிற்கும் இடத்தில் கீபோர்டும் க-வை உரக்க வாசித்தால் இரண்டும் உரசும். அந்த இடத்தில் கார்டிலிருந்து க-வை எடுத்து ச-வும் ப-வும் மட்டும் வையுங்கள். கமகம் பெரிதாக வரும் சுரங்களுக்கும் இதே வழிதான்.

கொஞ்சம் வெளியிலிருந்து

ஸ்கேலில் இல்லாத கார்டை ஒரு பாட்டில் ஓரிடத்தில் வைத்தால் போதும். எளிதானவை இரண்டு. ஒன்று, 6-க்கு முன்னால் ஈ7: சி, ஈ7, ஏ மைனர். ஜி ஷார்ப் வந்து ஏ-யில் அடங்கும். மெட்டில் அந்த நேரத்தில் ப இருக்கக் கூடாது. மற்றொன்று 4-ஐத் தொடர்ந்து அதன் மைனர்: எஃப் மேஜர், எஃப் மைனர், சி. உள்ளே ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று ஒரு குரல் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும். பிரிவைச் சொல்லும் வரியின் கடைசியில் இது நெஞ்சைத் தொடும். எஃப் மைனர் ஒலிக்கும்போது மெட்டு த2-வை (ஏ) தொடக் கூடாது. இரண்டாவது சரணத்துக்கு முன் இதைச் செலவழித்துவிடாதீர்கள்.

ஒலிப்பதிவுக்கு முன்

முதலில் பாட்டையும் பேஸையும் மட்டும் ஃபோனில் பதிவு செய்யுங்கள், கார்டு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாரின் முதல் எண்ணிக்கையிலும் மெட்டுச் சுரமும் பேஸ் சுரமும் என்ன என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே சுரமாகத் தொடர்ந்து மூன்று பார் வந்தால் அந்த இடம் தட்டையாகக் கேட்கும். நடுப் பாரின் பேஸை மாற்றுங்கள். சி மேஜரென்றால் ஈ-யை வையுங்கள், அல்லது கார்டையே 6 ஆக்குங்கள். அடுத்து வலது கைக் கார்டுகளைச் சேர்த்துப் பதிவு செய்து, மெட்டு நீளும் சுரங்களில் மட்டும் அரைச்சுர உறுத்தல் உண்டா என்று கேளுங்கள். உறுத்தும் பாரில் முதலில் கார்டை மாற்றுங்கள், பிறகு கார்டில் ஒரு சுரத்தைக் குறையுங்கள். இரண்டும் பலிக்காதபோதுதான் மெட்டைத் தொட வேண்டும். இந்தச் சோதனை முடியும்வரை ரிதம் பேடையும் கீபோர்டின் தானியங்கித் தாளமான ஸ்டைலையும் அணைத்தே வையுங்கள். தாளம் ஓடும்போது உறுத்தல்கள் ஒளிந்துகொள்ளும், ஹெட்ஃபோனில் கேட்கும்போதுதான் வெளியே வரும்.